கட்டர் பார் ஹோஸில் ஓர் ஊசித்துளை: சம்பா அறுவடையில் நடந்த ஒரு விபத்தின் ஆய்வு

ஜனவரி கடைசி வாரம். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம். முதல் நாள் பெய்த மழையில் நெல் சாய்ந்து கிடந்தது. டயரில் ஓடும் அறுவடை வண்டி இறங்கினால் புதையும் என்பதால் பெல்ட் வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள். வண்டிக்காரர் மன்னார்குடி. டிரைவரும் உதவியாளரும் ஆத்தூர் பக்கத்திலிருந்து சீசனுக்கு வந்தவர்கள். டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும், பையனுக்குப் பத்தொன்பது.

அன்று இரவு ஒன்பதரைக்கு மேல் நடந்ததுதான் இந்த ஆய்வு. டெல்டாவில் டிராக்டர், அறுவடை வண்டி, பொக்லைன் ஆகியவற்றின் ஹைட்ராலிக் வேலை, அதாவது ஆயில் பிரஷரில் இயங்கும் சிலிண்டர், அதற்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸ் இவற்றின் வேலை பார்ப்பது என் தொழில். மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டிக்காரர் கூப்பிட்டு, "ஹோஸ் ஒண்ணு மாத்தணும்ப்பா, வந்துட்டுப் போ" என்றார். பையனுக்குக் கையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது என்பதை வயலுக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அப்போது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அன்று இரவு

மூன்றாவது வயலில் அறுத்துக்கொண்டிருக்கும்போது கட்டர் பார் தானாக இறங்குகிறது என்று டிரைவருக்குத் தெரிந்தது. (வண்டிக்கு முன்னால், நெல்லை அறுத்து உள்ளே தள்ளும் அகலமான பகுதியைத்தான் கட்டர் பார் என்கிறோம்.) லிவரை இழுத்தால் ஏறுகிறது, விட்டால் ஒரு நிமிடத்தில் ஒரு சாண் இறங்கிவிடுகிறது. ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்து, கட்டர் பாரைத் தூக்கி வைத்த நிலையிலேயே இரண்டு லிட்டர் ஊற்றினார். அது முதல் தப்பு, ஆனால் சின்னத் தப்பு. தூக்கிய நிலையில் சிலிண்டருக்குள் ஆயில் நிரம்பியிருப்பதால் டேங்கில் மட்டம் குறைவாகத்தான் காட்டும். ஊற்றிவிட்டு இறக்கினால் டேங்க் வழியும்.

ஆயில் ஊற்றியும் இறங்குவது நிற்கவில்லை. சரி, எங்கேயோ லீக் என்று இன்ஜினை நிறுத்தினார். இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் பொறுப்பில்லாத ஆள் இல்லை. இன்ஜின் ஓடும்போது பையனைக் கிட்டே விடவில்லை. நிறுத்திவிட்டுத்தான், "பாருடா, எங்க ஒழுகுதுன்னு" என்றார். கட்டர் பார் மார்பளவு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. பையன் போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு அதன் கீழே குனிந்து, வலதுபக்கத் தூக்கு சிலிண்டருக்குப் போகும் ஹோஸை இடது கையால் தடவிக்கொண்டே வந்தான். சேறும் வைக்கோலும் அப்பியிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிலிண்டர் முனைக்குக் கொஞ்சம் முன்னால் சுருக்கென்றது.

"அண்ணே, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு." அவ்வளவுதான் சொன்னான்.

ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. ரத்தம்கூட ஒழுங்காக வரவில்லை. துடைத்துக்கொண்டு, சைக்கிள் டியூபைக் கிழித்து ஹோஸில் அந்த இடத்தில் இறுக்கிச் சுற்றினான். வண்டி இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓடியது. வயல்காரரின் கவலை வேறு. வைக்கோலில் ஆயில் வாடை அடித்தால் மாடு வாய் வைக்காது என்று அவர் இரண்டு தடவை வந்து சொன்னாராம்.

பன்னிரண்டு மணிக்கு விரல் மரத்துப்போய், உள்ளங்கைவரை வீங்கியது. ஒரு மணிக்கு பைக்கில் மன்னார்குடி. பணியிலிருந்த மருத்துவர் புள்ளியைப் பார்த்ததும், "என்ன மிஷின்? உள்ளே என்ன ஆயில்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் விரலைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். உடனே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார். விடிவதற்குள் விரலைத் திறந்து ஆயிலை வழித்தெடுத்தார்கள். மூன்று தடவை அறுவை செய்தார்கள். விரல் நிலைத்தது, ஆனால் நுனி மூட்டு இன்றைக்கும் மடங்காது.

நின்ற வண்டியில் எப்படி பிரஷர்?

வண்டிக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. டிரைவரும் இதையே கேட்டார். அவர் குரலில் அழுகை இருந்தது. "ஆஃப் பண்ணிட்டுத்தானே தம்பியைப் பாக்கச் சொன்னேன்."

கட்டர் பாரைத் தூக்கி வைத்திருப்பது இன்ஜின் இல்லை, ஆயில். லிவரை நடுவில் விட்டதும் வால்வு மூடிக்கொள்கிறது. சிலிண்டருக்கும் வால்வுக்கும் இடையில் சிறைப்பட்ட ஆயில்தான் அத்தனை எடையையும் தாங்குகிறது. இன்ஜினை நிறுத்தினால் பம்ப் நிற்கும், எடை எங்கேயும் போகாது. பின்னால் கேஜ் மாட்டிப் பார்த்தேன்: இன்ஜின் நின்று, கட்டர் பார் தூக்கியபடி இருக்கும்போது அந்த ஹோஸில் 75 பார். (பார் என்பது பிரஷரின் அளவு. ஒரு பார் என்றால் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்.) தோலைத் துளைக்க 7 பாரே போதும் என்றுதான் பாதுகாப்புக் கையேடுகள் சொல்கின்றன. பத்து மடங்குக்கு மேல் இருந்த இடத்தில் பையன் விரலை வைத்திருக்கிறான். போதாததற்கு, தடுப்புக் கட்டை இல்லாமல் அந்த எடைக்குக் கீழேயே குனிந்து நின்றிருக்கிறான். ஹோஸ் அப்போது முழுதாகப் பிய்ந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

முறை எளிது. கட்டர் பாரைத் தரையில் இறக்க வேண்டும். இறக்க முடியாத நிலை என்றால் சிலிண்டரின் பாதுகாப்புத் தடுப்பைப் போட்டு, கீழே கட்டை கொடுத்து, எடையை அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். இன்ஜினை நிறுத்த வேண்டும். பிறகு லிவரை எல்லாப் பக்கமும் நாலைந்து தடவை ஆட்டி மிச்சப் பிரஷரை டேங்குக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் கை வைக்கலாம். அப்போதும் லீக்கைத் தேடிக் கை போகக் கூடாது.

ஹோஸ் சொன்ன கதை

கழற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். தடுப்பைப் போட்டு, கட்டையும் கொடுத்து, எல்லோரையும் வரப்புக்கு அனுப்பினேன். இரண்டு மீட்டர் மூங்கில் கழியின் நுனியில் பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைக் கட்டினேன். டியூபை ஏற்கெனவே அவிழ்த்திருந்தது. டிரைவரை ஏற்றி, ஐடிலில் ஒரு நொடி மட்டும் லிவரை இழுக்கச் சொல்லி, அட்டையை ஹோஸ் ஓரமாக நகர்த்தினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மார்கழிப் பனி மாதிரி மெல்லிய ஆவி இருந்ததோ என்றுகூடச் சந்தேகம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பிளேடால் கீறியதுபோல ஒரு கோடு, மறுபக்கம் வரை போயிருந்தது. வண்டிக்காரர் அந்த அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஹோஸைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். ஒவ்வொரு ஹோஸின் மேலும் நீளவாக்கில் ஒரு எழுத்து வரி அச்சடித்திருப்பார்கள். வகை, அளவு, தயாரித்த காலாண்டு எல்லாம் அதில் இருக்கும். மாட்டியிருக்கும்போது அந்த வரி நேராக ஓட வேண்டும். இதில் அது கயிற்றுப் புரிபோல அரைச் சுற்று சுற்றியிருந்தது. அதாவது, மாட்டும்போது நட்டை மட்டும் திருகியிருக்கிறார்கள், ஹோஸையும் அது தன்னோடு இழுத்துச் சுற்றிவிட்டது. ஏழு டிகிரி முறுக்கே ஹோஸின் ஆயுளில் 90 சதவீதத்தைத் தின்றுவிடும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் எச்சரிக்கின்றன. இங்கே இருந்தது 180 டிகிரி.

எழுத்து வரியில் இன்னொன்றும் இருந்தது: 1 எஸ்என், அரை இன்ச். சிங்கிள் வயர். வண்டியோடு கம்பெனியில் வந்தது 2 எஸ்என், டபுள் வயர். இடதுபக்கம் இன்னும் அதுவே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு, கிட்டத்தட்ட ஒரே தடிமன். உள்ளே ரப்பர் குழாயைச் சுற்றிப் பின்னிய எஃகுக் கம்பி ஒரு அடுக்கா இரண்டு அடுக்கா என்பதுதான் வித்தியாசம். அரை இன்ச்சில் சிங்கிள் வயரின் வேலைப் பிரஷர் 160 பார், டபுள் வயருக்கு 275. பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆயிலை டேங்குக்கு விடுவது ரிலீஃப் வால்வு. இந்த வண்டியில் அது 175இல் திறக்கும்படி வைத்திருந்தது.

175க்கு 160 ஹோஸ் என்றால் மாட்டிய அன்றே வெடித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். வெடிக்காது. ஹோஸின் வெடிப்பு அளவு வேலைப் பிரஷரைப்போல நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஆக 640 பார்வரை அது தாங்கும், ஒரு தடவை. ஆனால் தினமும் நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்கும்போது கம்பி களைத்துப்போகிறது. நாலு வாரம் ஓடியதே, நல்லாத்தானே இருந்தது என்று எல்லோரும் நம்பியதற்குக் காரணம் இந்த நான்கு மடங்குதான்.

ரிலீஃப் வால்வு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பதும் முழு உண்மை இல்லை. அது இருப்பது பம்ப் பக்கம். லிவர் நடுவில் இருக்கும்போது சிலிண்டர் பக்கத்து ஆயிலை அது பார்க்கவே பார்க்காது. கட்டர் பாரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறி இறங்கும்போது அவ்வளவு எடையும் துள்ளுகிறது, அந்த அடி முழுவதும் ஹோஸில் விழுகிறது. புது ஹோஸ் மாட்டிய பிறகு கேஜை வைத்துக்கொண்டே ஒரு வரப்பைத் தாண்டச் சொன்னேன். 75இல் நின்ற முள் 190க்குத் துள்ளியது. முள் பிடிக்காத உச்சம் அதற்கு மேலும் இருந்திருக்கும். நம் வயல்கள் சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு நாளைக்கு இந்த வண்டி எத்தனை வரப்பு தாண்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பத்து நிமிட போன்

இந்தத் தப்பான ஹோஸ் எப்படி வந்தது? மார்கழி நடுவில், சீசனுக்கு முன், பழைய ஹோஸில் ஒரு எலி கடித்துவிட்டது. வண்டி ஒரு ஊரில் நிற்க, டிரைவர் டேப்பை வைத்து அளந்து கடைக்கு போனில் சொன்னார்: "அரை இன்ச்சு, 1,080 மில்லி, ரெண்டு பக்கமும் பிஎஸ்பி, ஒரு பக்கம் எல்போ." (பிஎஸ்பி என்பது ஒரு மரை வகை, எல்போ என்பது வளைந்த முனை.) கடையில் பத்து நிமிடத்தில் கிரிம்ப் பண்ணி, அதாவது ஹோஸின் முனைகளில் இரும்புப் பிட்டிங்கை மெஷினில் நெரித்துப் பிடிக்கவைத்து, பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். எத்தனை வயர் என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

டிரைவர் அளந்தது ரப்பர் தெரிகிற பகுதியை மட்டும். கடைக்காரர் அதை மொத்த நீளம் என்று எடுத்துக்கொண்டார். ஹோஸின் நீளம் என்பது ஒரு பிட்டிங்கின் உட்காரும் முகத்திலிருந்து மறு பிட்டிங்கின் உட்காரும் முகம் வரை. எல்போ என்றால் அதன் வளைவின் நடுக்கோடு வரை. அப்படிப் பார்த்தால் பழையது 1,150. புதியது 70 மில்லி குட்டை. பிரஷர் ஏறும்போது ஹோஸ் நான்கு சதவீதம் வரை சுருங்கலாம் என்பதையும் சேர்த்தால் இன்னொரு 43 மில்லி போயிற்று. குறைந்த நீளம் எங்கே என்று தேடினால் அது சிலிண்டர் முனையில் கிடைத்தது: கட்டர் பார் கீழே போகும்போதெல்லாம் ஹோஸ் விறைத்து, கிரிம்ப்பை ஒட்டியே மடங்கி, பக்கத்திலிருந்த இரும்புப் பிராக்கெட்டின் விளிம்பில் தேய்ந்திருக்கிறது. அரை இன்ச் ஹோஸை 180 மில்லி ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது. கிரிம்ப்பிலிருந்து ஹோஸின் தடிமனைப்போல ஒன்றரை மடங்காவது நேராக விட்டுத்தான் வளைக்கவே வேண்டும்.

ஆக்சா பிளேடால் அந்த இடத்தை நீளவாக்கில் அறுத்தேன். மேல் ரப்பர் ஒரு பட்டாணி அளவுக்குத் தேய்ந்து, கம்பி வெளியே வந்திருந்தது. ஈரச் சேறு அதில் புகுந்து, விரலால் தொட்டால் செம்மண் பொடிபோலத் துரு கொட்டியது. ஒன்பது கம்பி அறுந்திருந்தது, எண்ணினேன். அறுந்த ஒரு கம்பியின் முனை உள்ரப்பரைக் குத்தியிருந்தது. துளையை லென்ஸ் இல்லாமல் பார்க்க முடியவில்லை.

கடைக்காரர்மேல் எல்லாப் பழியையும் போட எனக்கு மனமில்லை. நாங்கள் எல்லோருமே ஹோஸை சோடா பாட்டில் மூடிபோல நினைக்கிறோம்: மரை பிடித்தால் சரி. மரைகூட ஏமாற்றும். 3/8 பிஎஸ்பியின் வெளிவிட்டம் 16.66 மில்லி, மெட்ரிக் மரையான எம்16இன் வெளிவிட்டம் 16. வித்தியாசம் ஒரு மில்லிகூட இல்லை. எம்16 ஆண் மரையில் 3/8 பிஎஸ்பி நட் இரண்டு சுற்று ஏறிப் பிடித்துக்கொண்டதுபோலக் காட்டும். உள்ளே உட்காரும் கூம்பும் வேறு வேறு: பிஎஸ்பிக்கு 60 டிகிரி, ஜேஐசி என்ற இன்னொரு வகைக்கு 37. இரண்டையும் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கி ஓட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூம்பு உட்காரும் பிட்டிங்கில் டேப்புக்கு வேலையே இல்லை. பிய்ந்த துணுக்கு உள்ளே போய் வால்வை அடைப்பதுதான் மிச்சம்.

விரலுக்குள் போன ஆயில்

இதை எழுதவே இந்த ஆய்வைத் தொடங்கினேன். பெரிதாக வெடிக்கும் ஹோஸைக் கண்டு எல்லோரும் ஓடுகிறார்கள். ஊசித்துளையைக் கண்டு யாரும் ஓடுவதில்லை, கையை நீட்டுகிறார்கள்.

டீசல் இன்ஜினின் உயர் அழுத்த எரிபொருள் விரலுக்குள் பாய்ந்த காயத்தை 1937லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயில் தோலைத் துளைத்து, தசைநாரின் உறை வழியாக உள்ளங்கைக்குப் பரவுகிறது. வெளியே புள்ளி, உள்ளே கை முழுக்க எரிச்சல். முதல் சில மணி நேரம் வலி அதிகம் இருக்காது. அந்தச் சில மணி நேரத்தில்தான் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். தள்ளிப்போகப் போக விரலை எடுக்கும் நிலை வரலாம். அதனால் டிடி ஊசியும் மாத்திரையும் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று இருப்பது ஆபத்து. பிதுக்கக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மயக்க மருந்து தரவேண்டியிருக்கும், ஆகவே வழியில் டீ வாங்கித் தராதீர்கள். மருத்துவரிடம், "ஹைட்ராலிக் ஆயில் பிரஷரில் உள்ளே போயிருக்கு" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். முடிந்தால் ஆயில் கேனின் லேபிளைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். "எறும்பு கடித்தது மாதிரி" என்றால் அவர் எறும்புக் கடிக்குத்தான் மருந்து கொடுப்பார்.

துணிக் கையுறை, தோல் கையுறை எதுவும் இதைத் தடுக்காது.

திரும்ப மாட்டியது

புது ஹோஸ்: டபுள் வயர், மொத்த நீளம் 1,170. ஹோஸும் பிட்டிங்கும் ஒரே கம்பெனி. ஹோஸ் பிட்டிங்குக்குள் முழுக்க ஏறியிருக்கிறதா என்று அடையாளக் கோடு போட்டுப் பார்த்தோம். கிரிம்ப் விட்டத்தை வெர்னியரால் அளந்து, அந்தக் கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிட்டோம். கடைப் பையன் முதலில் சலித்துக்கொண்டான், அப்புறம் அவனே அளந்தான். எல்போ எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை வண்டியில் வைத்துக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். கிரிம்ப் பண்ணிய பிறகு திசையை மாற்ற முடியாது, முறுக்கத்தான் முடியும். உள்ளே காற்றடித்து, இரு முனைக்கும் மூடி போட்டு எடுத்து வந்தோம்.

மாட்டும்போது இரண்டு ஸ்பானர். ஒன்று ஹோஸின் அறுகோணத்தைப் பிடித்து அசையாமல் நிறுத்த, மற்றது நட்டைத் திருக. எழுத்து வரி நேராக இருக்கிறதா என்று இறுக்கிய பிறகு ஒரு தடவை பார்த்தோம். பிராக்கெட் விளிம்பை அரத்தால் மழுக்கி, ஹோஸுக்கு நைலான் உறை போட்டு, நடுவில் ஒரு கிளாம்ப் கொடுத்தோம். கட்டர் பாரை அடிமட்டத்திலிருந்து உச்சி வரை மெதுவாக ஏற்றி இறக்கி, எந்த இடத்திலும் விறைக்கவில்லை, எதிலும் உரசவில்லை என்று தள்ளி நின்று பார்த்தோம். காற்று வெளியேற நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, கீழே இறக்கிய நிலையில் ஆயில் மட்டம் பார்த்தோம். மொத்தம் இரண்டரை மணி நேரம். வண்டிக்காரர் வாடகைக் கணக்கில் 6,000 ரூபாய் போயிற்று என்று முணுமுணுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பார்கள், மழை மறுபடி வந்தால் வயல்காரருக்கு நஷ்டம், எல்லோரும் அவசரத்தில்தான் இருந்தார்கள்.

இப்போது என்ன நடக்கிறது

காலையில் வண்டி எடுக்கும் முன், இன்ஜின் குளிர்ந்து, கட்டர் பார் தரையில் இருக்கும்போது பத்து நிமிடம். டிரைவர் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். புழுதி ஓரிடத்தில் மட்டும் ஈரமாக ஒட்டியிருந்தால் அங்கே கசிகிறது. மேல் ரப்பரில் வெடிப்பு, கொப்புளம், வெளியே தெரியும் கம்பி, எலிப் பல், கிரிம்ப் ஓரத்தில் துரு: ஒன்று இருந்தாலும் ஹோஸ் மாற வேண்டும். ஒவ்வொரு கிரிம்ப்பின் ஓரத்திலும் பிட்டிங்கையும் ஹோஸையும் சேர்த்து வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். கோடு விலகியிருந்தால் பிட்டிங் நழுவுகிறது என்று பொருள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிவிட்டு வந்தால் உப்புக் காற்றுக்காகக் கழுவிவிட்டு இன்னொரு தடவை பார்க்கிறார்கள். பிரஷர் ஏறிய பிறகு ஒழுகும் நட்டை ஓட்டத்திலேயே இறுக்குவதை நிறுத்தியாயிற்று. அந்தப் பழக்கம் எனக்கும் பல வருடம் இருந்தது, மறைப்பதற்கில்லை.

ஆயுள் பற்றி ஒரு கணக்கு: ஜெர்மன் தரநிலையான டிஐஎன் 20066, கடையில் இருந்த காலத்தையும் சேர்த்து ஆறு வருடத்துக்கு மேல் ஒரு ஹோஸை ஓட்ட வேண்டாம் என்கிறது. அதில் கடையில் இருப்பது இரண்டு வருடத்தைத் தாண்டக் கூடாது. நம் வெயிலுக்கும் சேற்றுக்கும் நான் நான்கு என்று வைத்துக்கொள்கிறேன். வண்டிக்காரரின் நோட்டில் ஒவ்வொரு ஹோஸுக்கும் ஒரு வரி இருக்கிறது: எத்தனை வயர், மொத்த நீளம், இரு முனை மரை, மாட்டிய தேதி. இனி போனில் சொன்னாலும் அந்த வரியைத்தான் வாசிக்க வேண்டும்.

கேபினில் மூங்கில் கழியும் அட்டையும் சொருகியிருக்கிறது. பையன் அடுத்த சீசனுக்கு வந்தான். ஸ்டியரிங் பழகுகிறான்.

இடதுபக்க ஹோஸையும் அன்றே மாற்றச் சொன்னேன். வண்டியோடு வந்தது, ஆறு வருடம் ஆகியிருந்தது. வண்டிக்காரர் வேண்டா வெறுப்பாகத்தான் பணம் கொடுத்தார். கழற்றியதையும் அறுத்துப் பார்த்தேன். கம்பி பளபளவென்று இருந்தது, உள்ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. "நல்ல ஹோஸைப் போய் அறுத்துட்டியேப்பா" என்று பார்க்கும்போதெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.